அரிவாளில் தொடங்கிய அரிச்சுவடி: ரகுநாத் முர்முவின் வாழ்வும் மலைக் குழந்தைகளின் கல்வியும்

சேர்வராயன் மலையில் ஏற்காடு ஒன்றியத்துக்கு உட்பட்ட மஞ்சக்குட்டைக்குச் சாதிச் சான்று, பட்டா தொடர்பான மனுக்களை எழுதிக் கொடுப்பதற்காக நாம் செல்வதுண்டு. பெரியவர்கள் தோட்ட வேலை முடிந்து வரும்வரை குழந்தைகளே நமக்குத் துணை. எந்தக் காப்பிப் பழம் பறிக்கும் பக்குவத்துக்கு வந்துவிட்டது, எது இன்னும் ஒரு வாரம் செடியிலேயே நிற்க வேண்டும், காட்டெருமை இரவில் எந்த வழியாக இறங்கிப் போயிற்று, மிளகுக் கொடி எந்த மரத்தை நன்றாகப் பற்றும் என்பனவற்றையெல்லாம் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் தயக்கமின்றிச் சொல்வார்கள். அவர்களை உட்காரவைத்து யாரும் இவற்றைப் பாடமாக நடத்தவில்லை. தாயின் பின்னால் நடந்தும், தாத்தாவின் கைகளைக் கவனித்தும், தாமும் சிறிது செய்து பார்த்தும் கற்றவை அவை.

அதே பிள்ளைகளிடம் பாடநூலைக் கொடுத்து ஒரு பத்தியைப் படிக்கச் சொன்னால் பேச்சு நின்றுவிடுகிறது. இந்த மௌனத்துக்கு இரண்டு விளக்கங்களை நாம் கேட்டு வந்திருக்கிறோம். பழைய விளக்கம், மலைப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது என்பது. புதிய விளக்கம் பரிவான குரலில் பேசுகிறது. பழங்குடிக் குழந்தைகளின் கற்றல் பாணியே வேறு. அவர்கள் கண்ணாலும் கையாலும் ஆட்டத்தாலும் பாட்டாலும் கற்பவர்கள். எனவே எழுத்தையும் கணக்கையும் குறைத்துக் கைத்தொழிலையும் விளையாட்டையும் கூட்ட வேண்டும் என்பது அது. முன்னது இழிவுபடுத்துகிறது, பின்னது தட்டிக்கொடுக்கிறது. இரண்டுமே காரணத்தைக் குழந்தையின் பிறப்பில் வைத்துவிட்டுப் பள்ளியை விசாரணையிலிருந்து விடுவித்துவிடுகின்றன.

இந்த இரண்டு விளக்கங்களுக்கும் ஏறக்குறைய நூறாண்டுகளுக்கு முன்பே தம் வாழ்வால் விடை சொன்னவர் பண்டிட் ரகுநாத் முர்மு. சந்தால் மக்கள் அவரைக் குரு கோம்கே, அதாவது பேராசான் என்று போற்றுகின்றனர். ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களின் சந்தால் ஊர்களில் அவர் பெயர் அறியாதவர் அரிது. தமிழ்நாட்டு மாணவர்களும் செயல்பாட்டாளர்களும் அவரை அறிந்துகொள்ள வேண்டிய தேவை இருக்கிறது.

மொழி தெரியாத வகுப்பறை

1905 மே 5 அன்று, அந்நாளில் மயூர்பஞ்சு சமஸ்தானமாக இருந்த பகுதியில், ராய்ரங்பூருக்கு அருகிலுள்ள டாண்ட்போஸ் என்னும் சிற்றூரில் ரகுநாத் பிறந்தார். தந்தை நந்தலால், தாய் சல்மா. முதலில் சுனு என்று அழைக்கப்பட்ட குழந்தைக்குப் பின்னரே ரகுநாத் என்னும் பெயர் நிலைத்தது. வீட்டிலும் வயலிலும் காட்டிலும் திருவிழாவிலும் அவர் காதில் விழுந்த மொழி சந்தாலி. பள்ளிக்குச் சென்ற முதல் நாளிலிருந்து அங்கு ஒலித்த மொழி ஒடியா.

இந்த இரண்டு மொழிகளுக்கும் இடையிலுள்ள தொலைவைத் தமிழ் வாசகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். சந்தாலி, ஆஸ்திரோ-ஆசிய மொழிக் குடும்பத்தின் முண்டா கிளையைச் சேர்ந்தது. ஒடியா, இந்தோ-ஆரிய மொழி. ஒரே மாவட்டத்தில் பேசப்பட்டாலும் அவை பிறப்பால் உறவற்றவை. ஆகவே சந்தால் குழந்தை பள்ளியில் ஒரே நேரத்தில் மூன்று சுமைகளைத் தூக்க வேண்டியிருந்தது. தெரியாத மொழியைக் கற்க வேண்டும். அந்த மொழியின் எழுத்தைக் கற்க வேண்டும். அந்த எழுத்தில் உள்ள பாடத்தையும் கற்க வேண்டும். அண்டை ஊரின் ஒடியாக் குழந்தைக்கோ முதல் சுமை இல்லவே இல்லை. ஆண்டு முடிவில் இருவரையும் ஒரே தேர்வில் நிறுத்தி, ஒருவரை அறிவாளி என்றும் மற்றவரை மந்தம் என்றும் பள்ளி தீர்ப்பளித்தது.

சிறுவன் ரகுநாத்துக்கு இந்த அநீதி விரைவிலேயே புரிந்தது. எல்லோருடைய மொழிக்கும் எழுத்து இருக்கும்போது தம் மொழிக்கு மட்டும் ஏன் பள்ளியில் இடமில்லை என்ற கேள்வி அவரை விடவில்லை. அவர் மணலில் புதுப்புது வடிவங்களை வரைந்து விளையாடுவார் என்று அவருடைய வாழ்க்கையை எழுதியோர் கூறுவர். ஆனாலும் அவர் பள்ளியை விட்டு ஓடவில்லை. பாரிபதா உயர்நிலைப் பள்ளியில் படித்து 1924 இல் மெட்ரிகுலேஷன் தேறினார். படிப்பு ஏறாது என்று சொல்லப்பட்ட சமூகத்திலிருந்து, அந்நிய மொழியிலேயே படித்துத் தேறிக் காட்டிய பிறகுதான் அவர் அந்த அமைப்பைக் கேள்விக்குள்ளாக்கினார்.

முப்பது எழுத்துகள்

1925 இல், இருபது வயதில், சந்தாலி மொழிக்கென்று ஓல் சிக்கி என்னும் எழுத்து முறையை ரகுநாத் முர்மு உருவாக்கினார். அதற்கு முன்பும் சந்தாலி எழுதப்பட்டதுண்டு. கிறித்துவச் சமயப் பணியாளர்கள் 19 ஆம் நூற்றாண்டிலேயே உரோமன் எழுத்தில் துணைக் குறிகளைச் சேர்த்து இலக்கணமும் அகராதியும் செய்தனர். மற்றபடி வங்கத்தில் வங்க எழுத்திலும், பீகாரில் தேவநாகரியிலும், ஒடிசாவில் ஒடியா எழுத்திலும் அது எழுதப்பட்டது. இதனால் இரண்டு இடர்கள் விளைந்தன. சொல்லின் இறுதியில் மூச்சை அடைத்து நிறுத்தும் சந்தாலியின் தனித்த ஒலிகளை இந்திய எழுத்துகள் சரிவரக் காட்டவில்லை. மேலும், ஒரே மொழி பேசும் மக்கள் மாகாண எல்லைகளால் பிரிக்கப்பட்டு, ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க முடியாத நிலையில் இருந்தனர்.

ஓல் சிக்கியில் 30 எழுத்துகள் உள்ளன. அவை வரிசைக்கு ஐந்தாக ஆறு வரிசைகளில் அமைந்தவை. ஒவ்வொரு வரிசையின் முதல் எழுத்து உயிர்; அடுத்த நான்கும் மெய். நம் தமிழில் உள்ளதுபோல் உயிர்மெய்க்குத் தனி வடிவம் கிடையாது. மெய்யை எழுதி அருகில் உயிரை எழுதினால் போதும். முப்பது எழுத்துகளையும் சில துணைக் குறிகளையும் அறிந்த குழந்தை தன் மொழியின் எந்தச் சொல்லையும் எழுதிவிடலாம்.

இதைவிட முக்கியமானது எழுத்துகளின் பெயரும் வடிவமும். மெய்யெழுத்தின் பெயரில் அந்த ஒலி இறுதியில் வருகிறது. இர் என்பது ரகர ஒலிக்குரிய எழுத்து. அதன் வடிவம் கதிரறுக்கும் அரிவாள் என்று மரபாக விளக்கப்படுகிறது. ஏரின் வடிவில் ஓர் எழுத்து. காளானின் வடிவில் ஓர் எழுத்து. பறக்கும் தேனீயின் வடிவில் ஓர் எழுத்து. ஒருவர் தம்மையே சுட்டிக்காட்டும் கையின் வடிவிலுள்ள எழுத்துக்குப் பெயர் இஞ். சந்தாலியில் அச்சொல்லின் பொருள் நான். எதிரே நிற்பவரைச் சுட்டும் கையின் வடிவிலுள்ள எழுத்துக்குப் பெயர் ஆம். அதன் பொருள் நீ. இரு கைகளையும் நீட்டி ஒன்றைப் பெற்றுக்கொள்பவர், மண்வெட்டியால் வயலில் வேலை செய்பவர், காலால் கதிர் மிதிப்பவர் என அரிச்சுவடி முழுவதும் உழைக்கும் மக்களின் உடலசைவுகள் நிறைந்திருக்கின்றன.

பள்ளிக்கு வந்த சந்தால் குழந்தைக்கு எழுத்து அந்நியப் பொருளாக இல்லாமல், காலையில் வீட்டில் பார்த்த அரிவாளாகவும் நேற்றுக் காட்டில் பறித்த காளானாகவும் வந்து நின்றது. ஏற்கெனவே பார்த்ததிலிருந்து பார்க்காததற்கும், ஏற்கெனவே செய்ததிலிருந்து செய்யாததற்கும் நடக்கும் பாதையை ரகுநாத் முர்மு அமைத்துக் கொடுத்தார். கல்வியியல் பட்டம் எதுவும் பெறாத இருபது வயது இளைஞரின் இந்த அறிவு, தாம் வகுப்பறையில் பட்ட துன்பத்திலிருந்து பிறந்தது.

கைத்தொழிலும் அச்செழுத்தும்

மெட்ரிகுலேஷன் தேறிய இளைஞருக்கு மயூர்பஞ்சு சமஸ்தானம் காட்டிய வழி கைத்தொழில். பாரிபதா மின் நிலையத்தில் பயிற்சி பெற்றார். பிறகு தொழிற்பயிற்சிக்காக வங்கத்துக்கு அனுப்பப்பட்டார். திரும்பி வந்து பாரிபதாவின் தொழிற்பயிற்சி நிலையத்தில் பயிற்றுநரானார். 1933 இல் பதம்தாலியா என்னும் ஊரின் பள்ளிக்குத் தலைமையாசிரியராகச் சென்ற பிறகே அவருடைய எழுத்துக்கு வகுப்பறை கிடைத்தது.

தாம் கற்ற தொழிலை அவர் வீணாக்கவில்லை. 1930-களின் இறுதியில் ஓல் சிக்கி எழுத்துகளை அச்சிட மரத்தால் ஒரு கையச்சுப் பொறியைச் செய்தார். பாரிபதாவில் நடந்த கண்காட்சியில் அதை மக்கள் பார்வைக்கு வைத்தார். கைத்தொழில் போதும் என்று கருதப்பட்ட சமூகத்தின் மகன், அந்தக் கைத்தொழிலைக் கொண்டே தம் மக்களுக்குப் புத்தகம் அச்சிடும் வழியைத் தேடினார்.

அவர் எழுதிய நூல்களின் வரிசையை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். ஓல் செமெத் என்பது எழுத்துப் பயிற்சி நூல். பார்சி போஹா தொடக்க வாசிப்பு நூல். கணக்குக்கு ஒரு நூல். ரொனோட் என்னும் இலக்கண நூல். இவற்றோடு பாடல் நூல்களும், பிது சந்தன், கெர்வால் பீர், தாரெகே தன் போன்ற நாடகங்களும் உண்டு. 1942 இல் வெளிவந்த பிது சந்தன், எழுத்தின் வழியே ஒருவரையொருவர் அறியும் காதலர்களின் கதை. படிக்கத் தெரியாத ஊரார் நாடகத்தைக் கண்டு எழுத்தின் மீது ஆசை கொண்டனர். பாட்டும் நாடகமும் சந்தால் மக்களின் இயல்பான கற்றல் களங்கள் என்பதை அவர் அறிந்திருந்தார். ஆயினும் பாட்டோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அரிவாள் வடிவ எழுத்தில் கையைப் பிடித்துத் தொடங்கிய குழந்தையைக் கணக்குக்கும் இலக்கணத்துக்கும் இலக்கியத்துக்கும் அழைத்துச் சென்றார்.

1940-களில் அவர் ஆசிரியர் பணியை விட்டு விலகி ஊர் ஊராக நடக்கத் தொடங்கினார். ஆதிவாசிகளின் தன்னாட்சிக் கோரிக்கை அந்நாளில் வலுப்பெற்றிருந்தது. 1949 இல் மயூர்பஞ்சு ஒடிசாவுடன் இணைக்கப்பட்டது. சந்தால் மக்கள் மாநில எல்லைகளால் துண்டாடப்பட்டிருந்த சூழலில், ஒரே எழுத்து அவர்களை இணைக்கும் என்று அவர் நம்பினார். பிற்காலத்தில் அவருடைய வழிவந்த அமைப்புகள் அரசுப் பள்ளிக்கு வெளியே, விடுமுறை நாள்களிலும் மாலைகளிலும், மரத்தடியிலும் ஊர்ப் பொதுவிடத்திலும் ஓல் சிக்கி வகுப்புகளை நடத்தின. அரசு கொடுக்காத பள்ளியை மக்களே நடத்திக்கொண்டனர்.

எதிர்ப்பும் இருந்தது. உரோமன் எழுத்தில் பல தலைமுறை இலக்கியம் கண்ட சந்தால் மக்களில் ஒரு பகுதியினர் புதிய எழுத்து தேவையில்லை என்றனர். அவ்விவாதம் இன்றும் முடியவில்லை. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. எந்த எழுத்து என்பதைப் பற்றி ஒரு சமூகம் தனக்குள் விவாதிப்பதும், அச்சமூகத்துக்கு எழுத்தே வேண்டாம் என்று வெளியார் முடிவு செய்வதும் ஒன்றல்ல.

1979 இல் மேற்கு வங்க அரசு ஓல் சிக்கியை ஏற்றது. 1982 பிப்ரவரி 1 அன்று ரகுநாத் முர்மு மறைந்தார். 2003 இல் 92 ஆவது அரசமைப்புச் சட்டத் திருத்தத்தின் வழியே சந்தாலி எட்டாவது அட்டவணையில் சேர்க்கப்பட்டது. போடோ, டோக்ரி, மைதிலி ஆகியவை அதனுடன் சேர்ந்த மற்ற மொழிகள். 2008 இல் ஒருங்குறியில் ஓல் சிக்கி இடம்பெற்றது. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சந்தாலி பேசுவோர் 73 லட்சத்துக்கும் மேற்பட்டோர். ஒடிசா அரசு 2006-07 காலத்தில் சந்தாலி உள்ளிட்ட பத்துப் பழங்குடி மொழிகளில் தொடக்கக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. தாய்மொழி தெரிந்த ஆசிரியர் போதிய அளவில் இல்லாதவரை எந்தத் திட்டமும் காகிதத்திலேயே நிற்கும் என்பதையும் அந்த அனுபவம் காட்டியது.

கற்றல் பாணி என்னும் புதிய வலை

ரகுநாத் முர்முவின் வாழ்விலிருந்து கற்றல் பாணி பற்றிய இன்றைய பேச்சுக்கு வருவோம். பழங்குடிச் சமூகங்களில் குழந்தைகள் பெரியவர்களின் வேலையைக் கவனித்து, தாமும் அதில் பங்கேற்றுக் கற்கின்றனர் என்பது உண்மை. குவாத்தமாலாவின் மாயா மக்களிடையே நெடுங்காலம் ஆய்வு செய்த பார்பரா ரோகோஃப் இதை விரிவாக எழுதியுள்ளார். அவர் கூறுவது சமூகம் குழந்தைக்குத் தரும் பங்கேற்பு வாய்ப்பைப் பற்றியே. பிறவி இயல்பைப் பற்றி அல்ல. வேலையிலிருந்து விலக்கிவைக்கப்பட்டு, வகுப்பில் மட்டுமே வளரும் குழந்தை வேறு விதமாகப் பழகுகிறது. வாய்ப்பு மாறினால் பழக்கம் மாறும்.

கண்ணால் கற்பவர், காதால் கற்பவர், கையால் கற்பவர் என்று குழந்தைகளை வகைபிரித்து, அதற்கேற்பப் பாடம் நடத்தினால் பயன் மிகும் என்ற கருத்துக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று ஹெரால்டு பாஷ்லர் உள்ளிட்ட உளவியலாளர்கள் 2008 இல் வெளியிட்ட மதிப்பாய்வு காட்டியது. தனி மாணவருக்கே நிறுவப்படாத ஒன்றை ஒரு சமூகம் முழுவதன் மீதும் முத்திரையாகக் குத்துவது அறிவியல் ஆகாது.

தமிழ்நாட்டில் நமக்கு இது புதிய ஆபத்தும் அல்ல. 1953 இல் இராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் பள்ளி நேரம் பாதியாகக் குறைக்கப்பட்டது. மீதி நேரத்தில் குழந்தைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்று சொல்லப்பட்டது. செய்து கற்றல் என்ற இனிய பெயரில் சாதித் தொழிலை நிலைநிறுத்தும் ஏற்பாடு அது என்பதை உணர்ந்த பெரியாரும் மக்களும் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டு எதிர்த்தனர். 1954 இல் காமராசர் ஆட்சிக்கு வந்ததும் அது கைவிடப்பட்டது. பழங்குடிக் குழந்தைக்குக் கைவேலையே இயல்பு என்று இன்று யாரேனும் சொன்னால், அந்தச் சொல்லுக்குள் 1953 இன் குரல் ஒலிப்பதை நாம் கேட்கத் தவறக் கூடாது.

குழந்தையின் கையிலிருக்கும் அறிவைப் பள்ளியின் வாசலாக வைப்பதற்கும், அதையே சுவராக எழுப்புவதற்கும் உள்ள வேறுபாடு இங்குதான் இருக்கிறது. ரகுநாத் முர்முவின் அரிவாள் எழுத்து வாசலாக இருந்தது. இலக்கண நூல்வரை செல்லும் வழி அந்த வாசலிலிருந்து திறந்தது.

மஞ்சக்குட்டைக்குத் திரும்புவோம்

சேர்வராயன் மலையின் மலையாளி மக்கள் சேலம் மாவட்டத்தில் பட்டியல் பழங்குடியினர். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மலையாளி மக்கள் வாழ்கின்றனர். மாநிலத்தின் மிகப்பெரிய பழங்குடிச் சமூகம் அவர்களே. அவர்களுக்குத் தனி எழுத்து வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. அவர்கள் பேசுவது தமிழ். ஆனால் மலைப் பேச்சுக்கும் பாடநூல் தமிழுக்கும் இடையில் தொலைவு உண்டு. தமிழ்தானே பேசுகிறார்கள் என்று அந்தத் தொலைவைப் பள்ளி காண மறுப்பதால், குழந்தையின் தடுமாற்றம் மொழித் தடையாகப் பதிவாகாமல் அறிவுக் குறையாகப் பதிவாகிவிடுகிறது. ஒடியா வகுப்பில் அமர்ந்திருந்த சந்தால் சிறுவனுக்கு இருந்த தடை கண்ணுக்குத் தெரிந்தது. மலையாளிக் குழந்தையின் தடை கண்ணுக்குத் தெரியாதது.

தமிழ்நாட்டில் செயல்வழிக் கற்றல் 2007-08 காலத்திலேயே தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. ஆகவே அட்டையும் படமும் பாட்டும் நம் பள்ளிகளுக்குப் புதியன அல்ல. அந்த அட்டையில் உள்ள சொல்லும் படமும் யாருடைய வாழ்விலிருந்து வருகின்றன என்பதே நம் கேள்வி. சாமையும் தினையும் பலாவும் காப்பியும் முதல் வகுப்பின் சொற்களாகட்டும். தானியம் அளக்கும் படியும் வள்ளமும் கணக்கு வகுப்புக்குள் வரட்டும். மலைப் பேச்சில் பதில் சொன்ன குழந்தையைத் திருத்துவதற்கு முன் பதில் சரியா என்று ஆசிரியர் பார்க்கட்டும். கவனித்துக் கற்றுப் பழகிய பிள்ளைக்கு, கேட்ட மாத்திரத்தில் பதில் சொல்லும்படி நெருக்காமல், பார்த்துப் புரிந்துகொள்ளச் சிறிது நேரம் கிடைக்கட்டும். அதே பள்ளியில் ஆய்வகமும் நூலகமும் ஆங்கிலமும் உயர்கணிதமும் கீழ்நாட்டுப் பள்ளிகளுக்கு இணையாக இருக்கட்டும். முன்னவை இருப்பதால் பின்னவை வேண்டாம் என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

இவற்றைக் கருணையாகக் கேட்க வேண்டியதில்லை. சட்டம் நம் பக்கம் இருக்கிறது. தனித்த மொழியும் எழுத்தும் பண்பாடும் உடைய எந்தப் பிரிவினருக்கும் அவற்றைக் காக்கும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 29 ஆவது உறுப்பு தருகிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோரின் கல்வி நலனைச் சிறப்புக் கவனத்துடன் வளர்க்குமாறு 46 ஆவது உறுப்பு அரசுக்கு நெறி காட்டுகிறது. 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 29 ஆவது பிரிவு, செயல்பாடு, கண்டறிதல், தேடல் ஆகியவற்றின் வழியே கற்றல் நிகழ வேண்டும் என்றும், இயன்றவரை தாய்மொழியே பயிற்றுமொழியாக இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. அதே சட்டத்தின் 21 ஆவது பிரிவின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். பாதி பெண்களாக இருக்க வேண்டும். நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம் தர வேண்டும். பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பது அந்தக் குழுவின் பொறுப்பு என்று 22 ஆவது பிரிவு சொல்கிறது.

அந்தத் திட்டத்தை எழுத உட்காரும் நாளில், காப்பித் தோட்டத்திலிருந்து வரும் தாய்மாரும் குழுவில் இருக்கிறார்களா, அவர்கள் சொல்வது எழுதப்படுகிறதா, அல்லது நிரப்பி வைக்கப்பட்ட தாளில் கையொப்பம் மட்டும் வாங்கப்படுகிறதா என்பதைப் பார்ப்பது நம் போன்ற வழக்கறிஞர்களும் மாணவர்களும் உடனே செய்யக்கூடிய வேலை. சேலத்துக் கல்லூரிகளிலிருந்து ஏற்காட்டுக்குப் பேருந்தில் ஒரு காலைப் பொழுதுக்குள் சென்றுவிடலாம். மலையாளிக் குடும்பங்களிலிருந்து முதல் பட்டதாரியாக வந்திருக்கும் மாணவர்கள் அக்கல்லூரிகளில் இருக்கிறார்கள். ரகுநாத் முர்மு தம் எழுத்தை உருவாக்கியபோது அவருக்கும் அவர்கள் வயதுதான். அவருக்கு அன்று இல்லாத சட்டம் இன்று நம் கையில் இருக்கிறது. அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் எந்த நாளில் என்று கேட்டு அறிவதிலிருந்து தொடங்குவோம்.